குளம்பிலிருந்து ரப்பருக்கு: கரிசலில் ஓடும் டயர்கள்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பிக்கப் ஓட்டுகிறவர்களிடம் டயர் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் கம்பெனி பெயரில் ஆரம்பிக்க மாட்டார்கள். "எந்தக் காட்டுக்குப் போவணும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை, மானாவாரி நிலம். கேள்வி சரியானதுதான். மேற்கே பச்சைமலை அடிவாரத்தில் சரளை, நடுவில் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல், கிழக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி நிற்கும் செம்மண், தெற்கே திருமானூரைத் தாண்டினால் கொள்ளிடக்கரை மணல். ஒரே நாளில் நாலையும் மிதிக்கிற வண்டி உண்டு.

"ஆல் டெரெய்ன்" டயர் என்று ஒன்றை விற்கிறார்கள். எல்லா நிலத்துக்கும் ஆனது என்று பொருள். என் சித்தப்பா மகன் இரண்டு வருடம் முன்னால் பின்சக்கரங்களுக்கு அதை வாங்கிப் போட்டான். ஐப்பசி மழையில் பட்டறையிலிருந்து விதை வெங்காயம் ஏற்றிக்கொண்டு செட்டிகுளம் பக்கம் ஒரு காட்டுக்குப் போனோம். தார்ரோட்டில் கொஞ்சம் இரைச்சல், அவ்வளவுதான். சரளையில் அருமை. கரிசலுக்குள் இறங்கி முப்பதடி போகவில்லை, நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் டயரில் பட்டன் எதுவும் தெரியவில்லை. இடுக்கெல்லாம் களி அப்பி, வழுவழுவென்று உருண்டைக் கொழுக்கட்டை மாதிரி இருந்தது. "புது டயரு போட்டும் மொட்ட டயரு மாரி ஆயிருச்சுண்ணே" என்றான். நடவுக்கு ஆள் கூலி பேசி வரச்சொல்லி வைத்திருந்தார்கள். மழையில் நனைந்த விதை வெங்காயம் அழுகிப்போகும். மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தலையில் தூக்கினோம்.

அன்று எங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற பெரியவர் ஒருத்தர், "மாட்டு வண்டியா இருந்தா இந்நேரம் போயி இறக்கிட்டு வந்திருக்கும்" என்றார். கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிறகு யோசித்தபோதுதான் அதில் ஒரு சரித்திரம் இருப்பது தெரிந்தது.

கட்டை வண்டியின் சக்கரம் நெஞ்சு உயரம். விளிம்பில் இரும்புப் பட்டா, குறுகலானது, சேற்றில் இறங்கும். ஆனால் அந்தச் சக்கரத்துக்கு வேலை உருளுவது மட்டும்தான். மண்ணைப் பிடித்து உந்துவது மாட்டின் குளம்பு. பிளவுபட்ட குளம்பு ஊன்றும்போது விரியும், தூக்கும்போது சுருங்கும். அதனால் சேறு அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ள முடிவதில்லை.

டன்லப் கம்பெனி 1936இல் வங்காளத்தில் சாகாகஞ்ச் தொழிற்சாலையைத் தொடங்கியது. காற்றடித்த ரப்பர் சக்கரம் போட்ட வண்டிக்கு 'டன்லப் வண்டி' என்று பெயர் வந்தது இந்தக் கம்பெனியால்தான். நம் பக்கம் டயர் வண்டி. பாரம் கூடுதலாக ஏறியது, ரோடும் வெட்டுப்படவில்லை. அந்த டயரில் பெரிய பட்டன் தேவைப்படவில்லை. பிடிப்பு இன்னமும் குளம்பிடம்தான் இருந்தது.

மாட்டை அவிழ்த்துவிட்டு எஞ்சினை வைத்த பிறகுதான் உந்துகிற வேலையும் ரப்பர் தலையில் விழுந்தது. டாடா 407 வந்தது 1986இல், டாடா ஏஸ் 2005இல். இந்த மாதிரிச் சின்ன வண்டிகள் வந்ததும் வெங்காயமும் மக்காச்சோளமும் காட்டிலிருந்தே நேராக ஏறத் தொடங்கின. முன்பு களத்துமேடு வரை மாட்டு வண்டி, அப்புறம்தான் லாரி.

பாய்ந்த மண்ணுக்கு ஏற்ற டயர் என்பது நம் நாட்டில் லேசில் வந்ததும் இல்லை. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டுகிற ட்ரெட் ரப்பருக்கு மாறினார். அடுத்த பத்தாண்டில், 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி டயர் செய்ய இறங்கியது. ஒஹாயோ ரோட்டுக்கு எழுதிய கணக்கு நம் ரோட்டுக்கு ஒத்துவரவில்லை. இங்கே பாரம் அதிகம், ரோடு மோசம். 1978இல் வந்த சூப்பர்லக் லாரிக்காரர்களிடம் நிலைத்தது. அதே எம்.ஆர்.எஃப்புக்கு இன்று பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் ஆலை இருக்கிறது. சுற்றிலும் கரிசல்!

லாரிக்காரர்கள் வெகுகாலமாக ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முன்னால் ரிப், பின்னால் லக். நேர்கோடு போட்ட ரிப் டயர் ஸ்டியரிங் சொன்னபடி திரும்பும். குறுக்குக் கட்டை வைத்த லக் டயர் மண்ணை உந்தும். ஆல் டெரெய்ன் இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம். தார்ரோட்டில் சத்தம் போடக்கூடாது என்பதால் பட்டன்களை நெருக்கி வைக்கிறார்கள். இடைவெளி குறைந்தால் களி உள்ளே தங்கும். வேகமாகச் சுழன்றால் உதறிவிடும், ஆனால் பாரத்தோடு காட்டுக்குள் ஊர்கிற வண்டிக்கு வேகம் ஏது? ஜீப்பில் ஊர் சுற்றுகிறவர்கள் காற்றை இறக்கித் தரைப்பிடிப்பைக் கூட்டுவார்கள். ஒரு டன் ஏற்றியவன் காற்றை இறக்கினால் டயர் பக்கவாட்டில் வெடிக்கும்.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பக்கம் கதை வேறு. டால்மியாபுரத்தில் 1939இல் சிமெண்ட் ஆலை, அரியலூரில் 1979இல் அரசு ஆலை, அப்புறம் வரிசையாகத் தனியார் ஆலைகள். சுரங்கத்து ரோட்டில் சிதறிக் கிடக்கிற சில்லுகள் சாதா டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். அங்கே ஆல் டெரெய்னின் தடித்த ரப்பர் காசைக் காப்பாற்றும் என்று தம்பி சொல்கிறான். அந்த வாடகை கிடைக்கிற மாதங்களில் அதைப் போடுகிறான். ஐப்பசி பிறந்ததும் கழற்றி வைத்துவிட்டு, அகலப் பட்டன் ஒட்டிய ரீட்ரேடிங் டயரை மாட்டுகிறான்.

போன மாதம் ஸ்க்ரூ டிரைவரால் டயர் இடுக்கைக் குடைந்துகொண்டிருந்தவன் ஒரு கல்லை என்னிடம் நீட்டினான். வரிவரியாகச் சிப்பி. இந்தப் பூமி கடலுக்கடியில் இருந்த காலத்தது. 1862இல் பிளான்ஃபோர்டு தன் அறிக்கையில் எழுதியதெல்லாம் இந்தப் பாறைகளைப் பற்றித்தான். "வச்சுக்கங்கண்ணே, ஒங்க ஆராய்ச்சிக்கு ஆவும்" என்று சொல்லிவிட்டு அடுத்த டயருக்குப் போனான்.