எட்டுப் போடுவதற்கு முன்: இருசக்கர வாகனங்களிடையே வளரும் இளையோருக்குச் சாலைப் பார்வை

விபத்து நடந்த இடத்தில் கூட்டம் கலைவதற்குள் ஒரு வாக்கியம் காதில் விழும்: “எங்கிருந்து வந்தான்னே தெரியலைங்க.” இதைச் சாக்கு என்று தள்ளிவிடுவதே வழக்கம். இக்கட்டுரை இதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறது. சொன்னவர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார். அந்தத் திசையில் பார்த்தார், வண்டி கண்ணில் படவில்லை. சாலையைப் பார்ப்பது பழகிப் பெறவேண்டிய திறன். அதை நம் பள்ளியும் கற்பிக்கவில்லை, உரிமத் தேர்வும் சோதிக்கவில்லை என்பதே என் வாதம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் 64,105 விபத்துகளுடன் தமிழ்நாட்டுக்கு.

இந்நிலையில் நாம் எதைச் சோதிக்கிறோம்? எல்.எல்.ஆர். பெறச் சாலைக் குறியீடுகளைக் கேட்கிறோம்; உரிமம் பெற எட்டுப் போடச் சொல்கிறோம். கால் ஊன்றாமல் எட்டுப் போடுவது நடைவேகத்தில் சமநிலை காக்கும் வித்தை. ஆளில்லாத மைதானத்தில் அதைச் செய்து காட்டியவர் கடைத்தெருவுக்குள் நுழையும்போது எங்கே கண்ணை வைப்பது என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை.

இத்துறையின் மூல ஆய்வு ஹாரி ஹர்ட் தலைமையில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகக் குழு செய்து 1981இல் வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே சென்று அக்குழு ஆராய்ந்தது. வேறொரு வாகனமும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு, அந்த வாகனம் வழிவிடாமல் குறுக்கிட்டதால் நேர்ந்தவை. மோட்டார் சைக்கிளைக் கண்டுணரத் தவறியதே அவற்றின் முதன்மைக் காரணம். பின்வந்த உளவியல் சோதனைகள் இதற்கு விளக்கம் தந்தன. ஒரே வேகத்தில், ஒரே தொலைவிலிருந்து வந்தாலும் சிறிய உருவம் பெரியதைவிடத் தாமதமாக வந்து சேரும் என்றே மனம் கணக்கிடுகிறது. நேரெதிரே வரும் பைக் வெகுநேரம் ஒரு புள்ளியாகவே இருந்து, அருகில் வந்ததும் சட்டென்று பெரிதாகிறது. “திடீர்னு வந்துட்டான்” என்பதில் அந்தத் ‘திடீர்’ சாலையில் நிகழ்வதன்று, கண்ணில் நிகழ்வது.

ஆனால் இவ்விளக்கத்தை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. மேலை நாடுகளில் மோட்டார் சைக்கிள் அரிது. அரியதைக் கண் எதிர்பார்ப்பதில்லை. மதுரையிலோ ஈரோட்டிலோ இருசக்கர வாகனம்தான் சாலையின் பெரும்பான்மை. இங்குச் சிக்கல் வேறு. பஸ்ஸும் லாரியும் வருகின்றனவா என்று பார்த்தே நாம் வளர்கிறோம். கண் பெரியதைத் தேடிப் பழகிவிட்டது. பைக்கோ பெரியவற்றின் இடுக்குகளில் ஓடுகிறது. ஓரத்தை ஒட்டாமல் நிற்கும் பேருந்திலிருந்து பள்ளி மாணவி இடப்பக்கம் இறங்குகிறாள். பேருந்துக்கும் நடைமேடைக்கும் நடுவிலுள்ள நான்கடி இடைவெளியில் ஒரு ஸ்கூட்டர் புகுந்து வருகிறது. யு-டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் சென்டர் மீடியனை ஒட்டி ஒருவர் எதிர்த் திசையில் வருகிறார். சாலையைக் கடப்பவரோ வலப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு இறங்குகிறார். இவர்களுக்கு ‘வாகனங்களைப் பார்’ என்ற அறிவுரை பயன்படாது. ‘இடைவெளிகளைப் பார், எந்த இடுக்கிலிருந்து ஒரு வண்டி முளைக்கக்கூடும் என்று கேள்’ என்பதே நம் தெருவுக்குரிய பாடம்.

பயிற்சியே பலன் தராது என்போர் உண்டு. அவர்கள் கையில் வலுவான சான்றுகளும் உண்டு. நார்வேயில் வழுக்கும் சாலையில் வாகனத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சி கட்டாயமாக்கப்பட்ட பிறகு, இளம் ஆண்களிடையே வழுக்கல் விபத்துகள் குறையாமல் கூடின. திறமை வந்துவிட்டது என்ற நம்பிக்கை, திறமையை முந்திக்கொண்டது. பள்ளிகளில் வாகனம் ஓட்டக் கற்பிப்பதைப் பற்றிய 2001ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, அது விபத்தைக் குறைத்ததற்குச் சான்றில்லை என்றும் மாணவர்கள் முன்கூட்டியே உரிமம் பெறவே அது வழிவகுக்கிறது என்றும் கண்டது. இவற்றை நான் மறுக்கவில்லை. என் வாதத்துக்கே இவை துணை என்று கருதுகிறேன். தவறிப்போனவை கையையும் காலையும் பழக்கிய பயிற்சிகள். ஆகவே பள்ளியில் கற்பிக்க வேண்டியது, சாவியைத் தொடாமல் கற்கக்கூடிய பகுதியை மட்டுமே.

அது எப்படி இருக்கும்? ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பத்துப் பேர் ஆசிரியருடன் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், பாதுகாப்பான இடத்தில், இருபது நிமிடம் நிற்கிறார்கள். ஒருவர் கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வருகிறார்: “ஆட்டோ நிக்குது, முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருக்கு; பின்னால வர்ற பைக் விலகப்போகுது.” அடுத்த மூன்று விநாடியில் நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்வதே பாடம், கணிப்பு சரியா என்பதைச் சாலையே சொல்லிவிடும். 2002 முதல் பிரிட்டனில் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வோடு, உருவாகிவரும் ஆபத்தைப் படக்காட்சியில் இனங்காணும் சோதனையும் கட்டாயம். அதை இங்கே கொண்டுவருவதானால் படங்கள் நம் சந்திப்புகளில் எடுக்கப்பட வேண்டும். சுத்தமான தடக்கோடுகள் உள்ள சாலையைக் காட்டி நம் பிள்ளைகளைப் பழக்குவது வீண்வேலை.

அதே ஒன்பதாம் வகுப்பின் அறிவியல் பாடத்தில் இயக்கச் சமன்பாடுகள் வருகின்றன. மணிக்கு 60 கி.மீ. என்பது விநாடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். கண்டுணர்ந்து பிரேக்கைத் தொட ஒன்றரை விநாடி ஆனால் வண்டி 25 மீட்டர் கடந்திருக்கும். பிறகு நிற்க, ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 6 மீட்டர் வீதம் குறைந்தால், இன்னும் 23 மீட்டர் வேண்டும்; ஆக மொத்தம் 48 மீட்டர். 40 கி.மீ. வேகத்தில் மொத்தமே 27 மீட்டர்தான். கரும்பலகையில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு அந்த 48 மீட்டரைப் பள்ளி வாசலில் காலால் அளந்து நடக்கச் சொன்னால், எந்த வாசகப் பலகையும் தராத தெளிவு கிடைக்கும்.

தலைக்கவசம் பற்றி இங்கு விரித்துரைக்கவில்லை. அது மோதலுக்குப் பிந்தைய காப்பு, அதன் தேவையில் ஐயமும் இல்லை. நம் சாலைப் பாதுகாப்பு வாரங்கள் அதோடு முடிந்துவிடுவதுதான் குறை.

இதற்கெல்லாம் பதினெட்டு வயது வரை காத்திருக்கலாமே என்று கேட்கப்படலாம். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 199ஏ பிரிவு, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அந்த அச்சம் வேண்டியதே. ஆனால் சிறுவர்கள் நடப்பவர்களாகவும் சைக்கிளில் செல்பவர்களாகவும் அப்பாவின் பின்னிருக்கையில் அமர்பவர்களாகவும் எப்போதோ சாலைக்கு வந்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் மேற்படாத மின் ஸ்கூட்டருக்கு உரிமமே தேவையில்லை. அதில் டியூஷனுக்குப் போகும் மாணவனை ஆர்.டி.ஓ. அலுவலகம் ஒருநாளும் சந்திக்கப்போவதில்லை. பள்ளி அவனை அன்றாடம் சந்திக்கிறது. பாடத்திட்டக் குழு தொடக்கமாக ஒன்பதாம் வகுப்பில் ஆண்டுக்கு ஆறு பாடவேளைகளை இதற்கு ஒதுக்க வேண்டும்.