எதிர்பார்ப்புக் காரணியும் அரைத்திறந்த இடங்களும்: ஆற்றல் கணிப்பில் ஒரு விடுபாட்டின் வரலாறு

வெப்ப நாடுகளில் குளிர்சாதனம் இல்லாத கட்டடங்களில் புழங்குவோர், சராசரி வெப்ப உணர்வைக் கணிக்கும் ஃபேங்கரின் பி.எம்.வி. சமன்பாடு காட்டும் அளவுக்கு வெக்கையை உணர்வதில்லை. இதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை, காரணத்தில்தான் வழக்கு. 2002இல் ஃபேங்கரும் டோஃப்டுமும், அம்மக்களின் எதிர்பார்ப்பு குறைவு என்று விடை கூறினர். தாழ்வாரம், கூரையிட்ட முற்றம், தரைத்தளத் தூண்வெளி முதலிய அரைத்திறந்த இடங்களுக்கு அந்த விடை செல்லாது என்பது என் வாதம்.

அவர்கள் செய்தது இது: பி.எம்.வி. மதிப்பை 0.5 முதல் 1 வரையிலான ஓர் எதிர்பார்ப்புக் காரணியால் பெருக்கினர். பாங்காக்குக்கு 0.6, சிங்கப்பூருக்கும் ஏதென்ஸுக்கும் 0.7, பிரிஸ்பேனுக்கு 0.9. வெப்பப் பருவத்தின் நீளமும் ஊரில் குளிர்சாதனக் கட்டடங்களின் பரவலும் காரணியைத் தீர்மானிக்கும் என்றனர். ஏதென்ஸில் வெக்கை கோடையோடு போய்விடும். சிங்கப்பூரில் ஆண்டு முழுதும் நீடிக்கும். இரண்டுக்கும் ஒரே எண் எப்படி வந்தது? களத்தரவுக்குப் பொருந்தும் எண்ணை முதலில் கண்டு, விளக்கத்தைப் பின்னர் சேர்த்தார்களோ என்ற ஐயம் எழாமல் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் பெருக்கலிலேயே இருக்கிறது. பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம்தான். சூடும் இல்லை, குளிரும் இல்லை என்று ஒருவர் சொல்லும் நடுநிலை வெப்பத்தைக் காரணி நகர்த்துவதே இல்லை; அதற்கு மேலே ஏறும் வெக்கையை மட்டும் தணித்துக் காட்டுகிறது. வெக்கையில் மக்கள் தம்மையறியாமல் வேலையின் வேகத்தைக் குறைப்பதாகச் சேர்த்த வளர்சிதைமாற்றத் திருத்தமும் பூச்சியத்தில் மறைந்துவிடும். ஆக, டென்மார்க், அமெரிக்க மாணவர்களைச் சோதனை அறைகளில் அமர்த்திப் பெற்ற நடுநிலையே பாங்காக்குக்கும் நடுநிலையாக நிற்கிறது.

2003இல் வெளிவந்த ஸ்பக்னோலோ, டி டியர் ஆய்வு இங்கேதான் முக்கியமாகிறது. சிட்னியின் திறந்த, அரைத்திறந்த இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கேட்டதில், நடுநிலை 26.2 பாகை செல்சியஸ் என்று வந்தது. உள்ளறைகளுக்கு உரிய மதிப்பு 24. நடுநிலையே நகர்ந்திருக்கிறது. சான்று மெலிந்ததுதான்: ஒரே நகரம், மித வெப்பமண்டலம், அளவீடும் பி.எம்.வி. அல்ல. ஆனாலும் இதைத் தள்ள முடியாது. வெளியே வருபவர் வெக்கையை எதிர்பார்த்தே வருகிறார் என்று ஃபேங்கர் தரப்பு பதில் சொல்லலாம். சொன்னால் காரணி ஊரை விட்டு இடத்துக்கு மாறுகிறது. நகரவாரிப் பட்டியல் நிலைகுலைகிறது.

மக்கள் சூழலுக்கேற்பத் தகவமைகிறார்கள் என்னும் மறுதரப்பும் இந்த இடங்களைக் கைவிட்டது. தகவமைப்புக் கோட்பாட்டை நிகோலும் ஹம்ஃப்ரீஸும் எழுதிய 1973இலிருந்து தொடங்குவதா, டி டியரும் பிரேகரும் ஏறத்தாழ 21,000 பதிவுகளைத் திரட்டி வெளியிட்ட 1998இலிருந்தா என்பதை முடிவுகட்ட நான் முனையவில்லை. அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் வெப்ப வசதிக்கான 55ஆம் தரநிலையின் 2004ஆம் ஆண்டுப் பதிப்பு அதை ஏற்றபோது விதித்த நிபந்தனை ஒன்று போதும்: இருப்போர் தாமே திறந்து மூடும் சன்னல்களால் வெப்பநிலையை நெறிப்படுத்தும் இடமாக இருக்க வேண்டும். தாழ்வாரத்தில் மூடச் சன்னல் ஏது?

ஆற்றல் கணிப்பிலும் இதே விடுபாடுதான். கட்டட ஆற்றலுக்கான ஆஷ்ரே 90.1 தரநிலையின் அதே ஆண்டுப் பதிப்பில் சேர்ந்த ‘ஜி’ பிற்சேர்க்கை, பசுமைச் சான்றிதழுக்கான ஆற்றல் சேமிப்பு எப்படிக் கணக்கிடப்படும் என்பதை வகுத்தது. அரைத்திறந்த இடம் குளிரூட்டப்படாத இடம் என்ற வகையில் விழுகிறது. ஒப்பீட்டுக் கட்டடத்திலும் அதற்குக் குளிரூட்டும் செலவு பூச்சியம், முன்வைக்கும் வடிவமைப்பிலும் பூச்சியம், சேமிப்பும் பூச்சியம். மற்றவர் கண்ணாடியிட்டுக் குளிரூட்டும் முகப்புக்கூடத்தைத் திறந்தே விட்ட கட்டடக்கலைஞருக்கு, தனிவழிக் கணக்கு காட்டி ஏற்கச் செய்தாலொழிய, மதிப்பெண் இல்லை. (விசிறி போட்டால் அதன் மின்சாரம் மட்டும் தவறாமல் கணக்கில் ஏறும்.) இரு ஆவணங்களும் ஒரே ஆண்டில் வந்ததைக் கொண்டு ஒன்றன் தாக்கம் மற்றதில் உண்டு என்று சொல்ல மாட்டேன்.

சென்னை உள்ளிட்ட ஐந்து இந்திய நகரங்களின் அலுவலகத் தரவிலிருந்து 2016இல் வந்த ஐமாக் என்னும் தகவமைப்பு மாதிரி, இயற்கைக் காற்றோட்டக் கட்டடங்களின் நடுநிலையைக் காண வெளிவெப்பத்தின் 0.54 மடங்குடன் 12.83ஐக் கூட்டுகிறது. வெளிச்சராசரி 30 பாகையானால் இது ஏறக்குறைய 29. ஆஷ்ரே 55இன் தகவமைப்புக் கோடு தருவது 27.1. அலுவலகத் தரவைத் தாழ்வாரத்துக்கு நீட்டுவது துணிபுதான். நகரத்துக்கொரு பெருக்கெண் வைப்பதைவிட அது சிறிய பிழை என்றே கருதுகிறேன். நீட்டுவோர் தாழ்வாரத்துக் காற்றின் வேகத்தையும் எதிர்ச்சுவரின் வெப்பக் கதிர்வீச்சையும் களத்தில் அளந்து சேர்த்தாக வேண்டும்.