சம்பளச் சிட்டை இல்லாதவனின் வீடு

பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்த காலத்தில், வீட்டுக்கடன் கேட்டு ஒரு வங்கிக்குச் சென்றேன். காணி உறுதியைப் புரட்டிய அலுவலர் சம்பளச் சிட்டையைக் கேட்டார். எழுதினால் காசு, எழுதாவிட்டால் இல்லை என்றேன். உறுதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

எனக்கு மட்டுமா இந்நிலை? மீனவருக்கும் மேசனுக்கும் நாட்கூலிக்காரருக்கும் சிட்டை ஏது?

1984இல் அன்றைய பிரதமர் பிரேமதாசா தொடங்கிய பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டம் இக்கணக்கை மாற்றிப் பார்த்தது. தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை, குடும்பங்கள் தாமே வீடு கட்டச் சிறுகடன் வழங்கியது. கிராமங்களில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களும் அக்கடனைக் கையாண்டன. 1906ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் வழங்கிவரும் கூட்டுறவுக் கடன் மரபில், ஒருவரது நாணயத்துக்குச் சாட்சி கடதாசியன்று. அவரது சேமிப்பும் சக அங்கத்தவர் பிணையுமே.

குறைகளும் இருந்தன. கடன்தொகை சிறிது, மீட்பு பல இடங்களில் தளர்ந்தது. ஆயினும், ஒழுங்கற்ற வருமானம் வருமானமின்மை ஆகாது என்பதை அரசே ஒப்புக்கொண்ட காலம் அது.

நான் கேட்டது சலுகையன்று. பதினைந்து ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமல் வாடகை கொடுத்தவன் நான். சாட்சி சொல்ல வீட்டுக்காரர் இருந்தார். அவரைக் கேட்பார்தான் இல்லை.