நிழல் தந்த மருந்தும் நீங்காத நஞ்சும்

1895ஆம் ஆண்டு நவெம்பர் 8ஆந் திகதி ஜேர்மானிய அறிஞர் றொன்ஜன் எக்சுக் கதிர்களைக் கண்டறிந்தார். உடலைக் கீறாமலே உள்ளே காணும் வழி அன்று பிறந்தது. எனினும் அக்கதிர்கள் என்புகளைத் தெளிவாகக் காட்டினவேயன்றிக் குருதிக்கலன்களைப் பிரித்துக் காட்டவில்லை. அக்குறையைப் போக்கக் கதிரைத் தடுத்து நிழல் தரும் பொருள்கள் உடலினுட் செலுத்தப்பட்டன. அவற்றை ஈண்டு 'வேறுபாடு காட்டிகள்' என்போம்.

அவற்றுட் பெரிதும் போற்றப்பட்டது தோரோத்திராசுற்று. தோரியமீரொட்சைட்டின் நுண்டுணிக்கைகள் மிதக்கும் கூழ்க்கரைசல் அது. 1931இல் போர்த்துக்கேய மருத்துவர் எகாசு மொனிசு மூளைக் குருதிக்கலன்களைப் படம்பிடிக்க அதனைக் கையாண்டார். நிழல் தெளிவாக விழுந்தது. நோயாளியும் உடனடித் துன்பம் எதனையும் உணரவில்லை. ஆனால், துணிக்கைகள் ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிட்டன. தோரியத்தின் அரைவாழ்வுக் காலமோ ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். அது ஓயாது வெளிவிட்ட அல்பாத் துணிக்கைகள் உயிர்க்கலங்களைத் தாக்கின. 1932இலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தார் எச்சரித்தனர். எனினும் 1950கள் வரை பயன்பாடு நீடித்தது. 1947இல் ஈரற் புற்றுநோய் கண்ட ஒருவரைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது. பின்னர் அத்தகைய செய்திகள் பெருகின.

'தெளிவாகக் காட்டுமா?' என்று வினாவியோர், 'வேலை முடிந்ததும் வெளியேறுமா?' என்று வினாவத் தவறியமையே இப்பெருந்துயரின் காரணமாகும்.

இவ்விரண்டாம் வினாவுக்கு விடைதேடுவனவே உடலிற் சிதையும் பல்பகுதியங்களாலான நனோத்துணிக்கைகள். இலற்றிக்கமிலமும் கிளைக்கோலிக்கமிலமும் இணைந்த பல்பகுதியம், உடல்நீரால் நீர்ப்பகுப்புற்று மீண்டும் அவ்வமிலங்களாகிறது. ஈற்றில் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறி வெளியேறுகிறது. இவ்வகைப் பொருளாலான, தானே கரையும் தையல்நூல்கள் 1970களிலேயே சத்திரசிகிச்சையில் இடம்பெற்றன. அதே பொருளைச் சிறு கூடாக்கி, அதனுள் இரும்பொட்சைட்டையோ கடோலினியத்தையோ வைத்து உடலைப் படம்பிடிக்க ஆய்வாளர் முயன்று வருகின்றனர்.

ஆயினும் கூடு கரைந்தால் மட்டும் போதாது. அது சுமந்த பொருளும் நீங்கல் வேண்டும். இரும்பை உடல் தன் குருதியாக்கத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும். கடோலினியத்துக்கோ உடலில் வேலையில்லை. சிறுநீரகம் செயலிழந்தோர்க்குச் சில கடோலினியச் சேர்வைகள் தோலை இறுக்கும் கொடுநோயைத் தருதல் 2006இல் அறியப்பட்டது. தோரோத்திராசுற்றுப் புகட்டிய பாடம் இன்னும் பழையதாகிவிடவில்லை. விருந்தினராய் உடலினுட் புகும் பொருள் விடைபெறும் வழியையும் அறிந்தே புகுதல் வேண்டும்.