காப்பு நகல் மென்பொருளை நம்பலாமா? நம் குடும்பங்கள் சோதித்துப் பார்க்க வேண்டியவை

அருமனை, மேல்புறம், களியக்காவிளை வட்டாரங்களில் வளைகுடா நாடுகளில் வேலை செய்பவரைக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு. அவருடைய பாஸ்போர்ட் நகல், விசா, வேலை ஒப்பந்தம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், நிக்காஹ் பதிவின் நகல், இருபது வருடத்துப் புகைப்படங்கள் என எல்லாமே இன்று ஒரு செல்போனிலோ லேப்டாப்பிலோ அடங்கிவிட்டன. அந்தக் கருவி தொலைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "எல்லாம் கூகுளில் இருக்கிறது" என்ற பதில்தான் வருகிறது. உண்மையிலேயே இருக்கிறதா, தேவைப்படும் நாளில் திரும்பக் கிடைக்குமா என்று எடுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

எந்த மென்பொருள் முதலிடம் என்று இங்கே நாம் பட்டியல் போடவில்லை. அந்தப் பட்டியல் அடுத்த வருடமே மாறிவிடும். எந்த மென்பொருளையும் நாமே மதிப்பிட உதவும் கேள்விகளையும் சோதனைகளையும் தருகிறோம்.

சிங்க் வேறு, பேக்கப் வேறு

இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம்.

சிங்க் என்றால் ஒத்திசைவு. இரண்டு இடங்களில் உள்ள கோப்புகளை எப்போதும் ஒரே மாதிரி வைத்திருப்பது அதன் வேலை. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், சிங்க்திங் எல்லாம் இந்த வகை. இங்கே ஒரு கோப்பைச் சேர்த்தால் அங்கேயும் சேரும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குழந்தை கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தாலும், வைரஸ் கோப்புகளைப் பூட்டினாலும், சிங்க் அதையும் மற்ற இடத்துக்குக் கொண்டுசேர்க்கும்.

பேக்கப் என்றால் காப்பு நகல். மூலத்துக்கு என்ன நேர்ந்தாலும் பழைய நிலையை மாறாமல் தனியே வைத்திருப்பது அதன் வேலை. விண்டோஸில் உள்ள ஃபைல் ஹிஸ்டரி, ஆப்பிள் கணினிகளில் உள்ள டைம் மெஷின் இந்த வகை. சிங்க்திங் மென்பொருளை உருவாக்கியவர்களே, இதைக் காப்பு நகலுக்கு ஏற்ற மென்பொருளாகக் கருத வேண்டாம் என்று தங்கள் விளக்கப் பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

கூகுள் போட்டோஸிலும் இதைக் கவனிக்க வேண்டும். பேக்கப் ஆன படத்தை அந்தச் செயலிக்குள் அழித்தால் போனிலிருந்தும் போகும், கூகுள் கணக்கிலிருந்தும் போகும். குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அவ்வளவுதான். கூகுள் டிரைவிலும் தனிநபர் ஒன்டிரைவ் கணக்கிலும் இந்த அவகாசம் 30 நாள். ஒரு வருடம் கழித்துத் தேடினால் அங்கே ஒன்றும் இருக்காது.

பெரியவர்களும் தவறிய இடங்கள்

"பெரிய நிறுவனம்தானே, பத்திரமாக இருக்கும்" என்ற நம்பிக்கை முழுமையாகச் சரியல்ல என்பதற்குச் சில நிகழ்வுகள் போதும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாக முக்கியத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அந்த நிறுவனம் ஐந்து விதமான காப்பு முறைகளை வைத்திருந்தது. மீட்கப் போனபோதுதான் அவற்றில் எதுவுமே நம்பும்படி வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுக்கப்பட்டிருந்த ஒரு நகல் கைகொடுத்ததால் பெரிய இழப்பு தவிர்ந்தது.

2023 நவம்பரில் கணினிக்கான கூகுள் டிரைவ் மென்பொருளின் 84ஆம் பதிப்பில் ஏற்பட்ட கோளாறால் சிலருடைய பல மாதக் கோப்புகள் காணாமல் போயின. பிறகு மீட்பு வசதியுடன் புதிய பதிப்பை கூகுள் வெளியிட்டது.

2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் என்ற அமைப்பு எரிந்துபோனது. அதிலிருந்த 858 டெராபைட் தரவுக்கு வெளியே வேறு நகல் வைக்கப்படவில்லை.

கோப்புகள் சேமிக்கப்படுகின்றனவா என்பதோடு நின்றுவிடாமல், திரும்ப எடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே இம்மூன்றும் சொல்லும் பாடம்.

மதிப்பிட ஆறு கேள்விகள்

1. இங்கே அழித்தால் அங்கே என்ன ஆகும்? உடனே அழியுமா, எத்தனை நாள் காத்திருக்கும், ஒரே கோப்பின் பழைய பதிப்புகள் கிடைக்குமா? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத மென்பொருளை முக்கிய ஆவணங்களுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

2. வேலை நின்றுபோனால் சொல்லுமா? கூகுளின் இலவச 15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் படங்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் அதிலேயே சேர்கிறது. இடம் நிறைந்தால் புதிய படங்கள் ஏறுவது நின்றுவிடும். "கடைசியாக பேக்கப் ஆன தேதி" கண்ணில் படும் இடத்தில் இருக்கும் மென்பொருளே நல்லது.

3. ஊரில் இருக்கும் உம்மா தானே எடுக்க முடியுமா? பயன்பாட்டு எளிமைக்கு இதுவே சரியான அளவுகோல். மகன் துபாயில் வேலையில் இருக்கும் நேரத்தில் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஒரு நகல் தேவைப்பட்டால், வீட்டில் இருப்பவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை வசதிகள் இருந்தாலும், அமைத்தவருக்கு மட்டுமே புரியும் மென்பொருள் குடும்பத்துக்குப் பயன்படாது.

4. ஓடிபி யாருக்கு வரும்? வெளிநாடு போனபின் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட இந்திய எண்ணுக்கு ஓடிபி போனால், சொந்தக் கணக்கிலேயே நுழைய முடியாது. கூகுள் கணக்கில் முன்கூட்டியே எடுத்து வைக்கக்கூடிய மாற்றுக் குறியீடுகள் உண்டு. அவற்றைத் தாளில் அச்சிட்டு வீட்டில் வையுங்கள். வாட்ஸ்அப் பேக்கப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால், அந்தச் சொல்லை மறந்தபின் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது.

5. தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் வருகின்றனவா? "போட்டோ", "கொல்லம்" போன்ற சொற்களில் வரும் ஒகர, ஓகார உயிர்மெய்களை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதிய முடியும். ஆப்பிள் கணினிக்கும் விண்டோஸுக்கும் இடையே நகலெடுக்கும்போது சில மென்பொருள்கள் ஒரே பெயரை இரண்டு கோப்புகளாக எண்ணிவிடும். தமிழில் பெயரிட்ட நான்கு கோப்புகளை அனுப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

6. நிறுவனம் சேவையை நிறுத்தினால்? கிராஷ்பிளான் நிறுவனம் வீட்டுப் பயனாளர்களுக்கான சேவையை 2018இல் மூடியது. சிங்க்திங்கின் அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நின்றது. கோப்புகளைச் சாதாரண வடிவிலேயே வைத்திருக்கும் மென்பொருளாக இருந்தால், அது நின்றாலும் நகலை வேறு எதிலும் திறக்கலாம். தன் சொந்த வடிவில் கட்டிவைக்கும் மென்பொருளில் அது கடினம்.

மூன்று நகல், இரண்டு வகை, ஒன்று வெளியூரில்

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய 3-2-1 விதி இன்றும் பொருந்துகிறது. மூன்று நகல்கள், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில்.

நம் மாவட்டத்துக்கு இதன் அவசியம் புரியும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ரப்பர் மரங்களும் வாழையும் சாய்ந்ததோடு, பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் இணையத்தில் மட்டும் இருக்கும் நகல் எட்டாது. வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் அலமாரியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் மிஞ்சாது. ஆகவே இரண்டும் வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு இதை இப்படி அமைக்கலாம்:

முதல் நகல், அன்றாடம் பயன்படுத்தும் போன் அல்லது லேப்டாப்.

இரண்டாவது, வீட்டில் ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க். ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருளில் பல முறைகள் உண்டு. அதில் "அப்டேட்" என்ற முறை புதிய கோப்புகளையும் மாறிய கோப்புகளையும் சேர்க்கும், எதையும் அழிக்காது. "மிரர்" முறை மூலத்தில் இல்லாததை நகலிலும் நீக்கிவிடும். அந்த வேறுபாடு தெரியாதவர் "அப்டேட்" முறையோடு நிற்பது நல்லது. வேலை முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி வையுங்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னகிரை போன்ற வைரஸ்கள், இணைத்தே வைத்திருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மூன்றாவது, இணையத்தில் ஒரு கணக்கு, அல்லது வெளிநாட்டில் இருப்பவரிடம் இன்னொரு டிஸ்க். விடுமுறையில் வந்து போகும்போது புதுப்பித்து எடுத்துச் செல்லலாம்.

டிஜிலாக்கரை இந்த மூன்றில் ஒன்றாக எண்ண வேண்டாம். 2015இல் தொடங்கப்பட்ட அந்த அரசுச் சேவையில், வழங்கிய துறையிடமிருந்து நேரடியாகப் பெறும் ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் சான்றிதழ் போன்றவை 2017 அறிவிக்கையின்படி அசலுக்கு இணையானவை. அது பெரிய வசதி. ஆனால் நாமே ஸ்கேன் செய்து ஏற்றும் பத்திரத்துக்கு அந்தத் தகுதி கிடையாது. குடும்பப் படங்களுக்கான இடமும் அதில் இல்லை.

ஸ்கேன் நகல் அசலுக்கு ஈடாகாது. ஆனாலும் பத்திர எண், பதிவுத் தேதி, பாஸ்போர்ட் எண் ஆகியவை கையில் இருந்தால் மறுநகல் வாங்குவது எளிதாகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சான்றிதழ்களை இழந்த சென்னை மக்களுக்காக அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டிவந்தது. ஜமாஅத் அலுவலகங்களும் நிக்காஹ் பதிவேடு, வக்ஃப் ஆவணங்கள் ஆகியவற்றுக்கு இதே முறையைப் பின்பற்றலாம். கணக்கு ஒருவருடைய சொந்த மின்னஞ்சலில் இல்லாமல், நிர்வாகம் மாறும்போது ஒப்படைக்கக்கூடிய பொது மின்னஞ்சலில் இருக்கட்டும்.

அரை மணி நேரச் சோதனை

எந்த மென்பொருளையும் நம்பும் முன் இதைச் செய்து பாருங்கள். பத்துக் கோப்புகள் கொண்ட ஒரு ஃபோல்டரை நகலெடுங்கள். மூலத்தில் ஒன்றை அழியுங்கள், ஒன்றைத் திருத்துங்கள், ஒன்றின் பெயரை மாற்றுங்கள். மறுநாள் வேறொரு போனிலிருந்து அழித்ததையும் திருத்துவதற்கு முந்தைய நிலையையும் மீட்க முயலுங்கள். ஒரு பெரிய வீடியோவை ஏற்றத் தொடங்கி, நடுவில் இணையத்தை நிறுத்திவிட்டு, பிறகு இணைப்பைக் கொடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா, பாதிக் கோப்பை முழுக் கோப்பு என்று காட்டுகிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, இதை அமைக்காத ஒருவரிடம் கொடுத்து ஒரு சான்றிதழை எடுக்கச் சொல்லுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கத் தொடங்கியது. கணக்கு வைத்திருந்தவர் மவுத்தாகிவிட்டால், கடவுச்சொல் தெரியாத குடும்பத்துக்கு அவருடைய படங்களும் ஆவணங்களும் கிடைக்காமலே போகலாம். கணக்கு குறிப்பிட்ட காலம் செயல்படாவிட்டால் நாம் நியமித்தவருக்குத் தரவு போய்ச்சேரும் ஏற்பாடு கூகுள் கணக்கின் அமைப்புகளிலேயே இருக்கிறது. மனைவி பெயரையோ மூத்த பிள்ளையின் பெயரையோ இன்றே அதில் சேர்த்துவிடுங்கள். வீட்டில் யாரிடம் என்ன இருக்கிறது என்ற விவரத்தை ஒரு தாளில் எழுதி, பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.