சமூகப்பணியில் 'சான்று' பொருள் மாறிய வரலாறு

சமூகப்பணி பயிலும் மாணவர் இன்று களப்பயிற்சிக்குச் செல்லுங்கால், தாம் ஒரு குடும்பத்திடம் கையாளும் உபாயம் எத்தகைய சான்றின் வலிமையால் தேர்ந்துகொள்ளப்பட்டது என்று எடுத்துரைக்கக் கடமைப்பட்டவராகிறார். அமெரிக்க நாட்டில் இக்கடமை உருவாவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்றன. அவ்வரலாற்றை நுணுகி நோக்குவார்க்குச் சான்று என்ற சொல்லே இடையில் வேறு பொருள் பூண்டது புலனாகும்.

1915-ஆம் ஆண்டு பால்டிமோர் நகரில் கூடிய தேசிய தர்மப்பணி மாநாட்டில், மருத்துவக் கல்வியின் குறைகளை ஆராய்ந்து புகழ்பெற்றிருந்த ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர், சமூகப்பணி இன்னும் முறையான தொழில் என்னும் தகுதியை எய்தவில்லை என்றும், கற்பித்து வழங்கத்தக்க தனி நுட்பம் அதற்கு வாய்க்கவில்லை என்றும் பேசினார். மேரி ரிச்மண்ட் தம் பல்லாண்டு உழைப்பின் பயனாக 1917-இல் வெளியிட்ட 'சோஷியல் டயக்னோஸிஸ்' என்னும் பெருநூல் அவ்வுரைக்கு மறுமொழி போலவே அமைந்துவிட்டது. அந்நூலில் சான்று என்பது பெரிதும் நியாயஸ்தல வாசனையுடையது: நேரிற் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது, சூழ்நிலையால் ஊகிக்கப்படுவது எனப் பிரித்து, உறவினர், மருத்துவர், பள்ளி ஆசிரியர், வேலை கொடுத்தோர் ஆகியோரிடம் பெறும் செய்திகளின் தராதரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்று அம்மையார் விரிவாக விளக்குகிறார். நாடி வந்தவரின் நிலை இன்னது என்பதற்குரிய சான்று அது. உதவியவரின் செய்கை பலித்ததா என்பதற்குரிய சான்று அன்று.

இரண்டாவது வினாவை உரக்க எழுப்பியவர் பாஸ்டன் மருத்துவராகிய ரிச்சர்ட் கேபட். 1905-லேயே மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குள் சமூகப்பணியாளரைக் கொணர்ந்த அவர், 1931-இல் தேசிய சமூகப்பணி மாநாட்டின் தலைமையுரையில், உங்கள் பணியின் பலனை அளந்து பாருங்கள் என்று வற்புறுத்தினார். பிறர்க்கு உபதேசித்ததைத் தாமே செய்து பார்க்கவும் முற்பட்டமை அவருடைய பெருமை. கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் இரு நகரங்களிலும் தெரிந்தெடுத்த சிறுவர்களை வயது, குடும்பநிலை, சுபாவம் முதலியவற்றால் ஒத்த இணைகளாக்கி, ஒவ்வோர் இணையிலும் ஒருவனைக் காசு சுண்டித் தேர்ந்து, அவனுக்கு மட்டும் ஆலோசகரின் இல்ல விஜயம், பாடத்துணை, மருத்துவ உதவி, கோடை முகாம் ஆகியவை கிடைக்கச் செய்தனர். 1939 முதல் 1945 வரை நிகழ்ந்த இவ்வேற்பாட்டின் முடிவைக் காணாமலே, அது தொடங்கிய ஆண்டில் கேபட் காலமானார்.

1951-இல் பவர்ஸ், விட்மர் இருவரும் இதைப் பற்றி வெளியிட்ட ஆய்வால், உதவி பெற்ற சிறுவர்கள் பெறாதவர்களினும் குறைவாகக் குற்றம் புரிந்தனர் என்று காட்ட இயலவில்லை. இதனினும் கசப்பான செய்தி பின்னர் வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவர்களைத் தேடிக் கண்டு ஜோன் மக்கார்ட் 1978-இல் எழுதிய கட்டுரையின்படி, மீண்டும் குற்றம் புரிதல், மதுப்பழக்கம், அகால மரணம் ஆகியவற்றில் உதவி பெற்றவர்களின் நிலையே மற்றவர்களினும் தாழ்ந்திருந்தது. எனினும் அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அவ்வுதவி தமக்கு நன்மை செய்ததாகவே கூறினர். நன்றியுரை வேறு, பலன் வேறு என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சியைச் சமூகப்பணி வரலாற்றில் யான் கண்டிலேன். கைகூப்பி விடைகொடுக்கும் தாயின் முகத்தைக் கண்டு களிப்போடு வீடு திரும்பும் மாணவர் எவரும் இதை ஒருமுறை படித்தல் நலம்.

இடைக்காலத்தில், தனிநபர்ப் பணி பயனளிக்கிறதா என்று 1973-இல் ஜோயல் ஃபிஷர் எழுப்பிய வினா பெரும் சர்ச்சையை விளைத்தது. 1990-களில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவர்கள் வகுத்த சான்றுவழி மருத்துவ முறையை ஐலீன் கேம்பிரில் 1999-இல் சமூகப்பணிக்கு எடுத்துரைத்தார். அதிகாரத்தின் வழி நடப்பதற்கு மாற்றாகவே அவர் இதனை முன்வைத்தார். ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காம்ப்பெல் கூட்டமைப்பு 2000-இல் தோன்றியது. 2008-இல் அமெரிக்கச் சமூகப்பணிக் கல்விக் கழகம், ஆராய்ச்சி அறிந்து பணியாற்றுதலையும் பணி அறிந்து ஆராய்தலையும் மாணவர் பெறவேண்டிய திறன்களுள் ஒன்றாக்கிற்று. சான்றே அனைத்தையும் தீர்மானிக்கும் என்னும் கடுமையைத் தணித்து, நாடி வந்தவரின் விருப்பத்துக்கும் பணியாளரின் பகுத்தறிவுக்கும் இடம் தருவதற்காகவே 'சான்று அறிந்த' என்னும் அடைமொழியைப் பலர் விரும்பி வழங்கினர்.

மாணவர்க்கு விதிக்கப்பட்ட படிகள் எளியவை: வினாவைத் தெளிவாக அமைத்தல், நூல்களைத் தேடல், தேடியதை எடை போடுதல், பொருந்துவதைக் கையாளல், விளைவை அளத்தல். இவற்றுள் நான்காவதிலேதான் இடர்ப்பாடு மிகுதி. ஓர் உபாயம் பலித்ததெனக் காட்டும் ஆய்வு கிடைத்தாலும், அதில் பங்கேற்றோரும் எதிரே அமர்ந்திருக்கும் குடும்பமும் ஒரே நிலையினர்தாமா என்பதை அவ்வாய்வு சொல்லாது. அதனை அறிய மாணவர் மீண்டும் பள்ளி ஆசிரியரையும் மருத்துவரையும் உறவினரையும் கண்டு, அவர்கள் கூறுவனவற்றுள் எது கண்டது, எது கேட்டது, எது ஊகம் என்று ரிச்மண்ட் 1917-இல் வகுத்தவாறே பிரித்தெழுத வேண்டியிருக்கிறது.