கொடுத்தவன் ஊரில் நடந்த வழக்குகள்

1776 ஆகஸ்ட் 24 அன்று சென்னையின் ஆளுநர் பிகட் பிரபு, தம் சபையின் உறுப்பினர்களாலேயே சிறைபிடிக்கப்பட்டார். ஆளுநர், சபை ஆகிய சொற்கள் நம்மைத் திசைதிருப்பக்கூடும். ராயபுரத்துக்குச் சற்றுத் தெற்கே, புனித ஜார்ஜ் கோட்டையில் அமர்ந்து ஆணையிட்டவர்கள் ஒரு வணிக நிறுவனத்தின் நிர்வாகிகளே. கம்பெனி ஊழியர் பலர் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்குக் கொடும் வட்டிக்குத் தனிப்பட்ட முறையில் கடன் கொடுத்திருந்தனர். அவர்களுள் பெரும்புள்ளி பால் பென்ஃபீல்ட். தஞ்சைச் சீமையின் வருவாயின்மீது தமக்கு உரிமை எழுதித் தரப்பட்டதாக அவர் வாதாடினார். லண்டன் ஆணைப்படி பிகட் தஞ்சையை அதன் மராத்திய அரசர் துளஜாவிடம் திருப்பியளித்ததும் மோதல் முற்றியது. காவலில் இருந்தபடியே 1777 மே மாதம் பிகட் இறந்தார். தஞ்சையைத் திருப்பித் தருவதைத் தள்ளிப்போடுவதற்காக மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் பவுன் லஞ்சமாகத் தர முன்வந்தார்கள் என்று அவருடைய தம்பி 1779இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கூறினார்.

வழக்கு லண்டனில் நடந்தது. ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் உள்ளிட்ட நான்கு சபை உறுப்பினர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 1780இல் அவர்களுக்குக் கிடைத்த தண்டனை தலைக்கு ஆயிரம் பவுன் அபராதம். குற்றம், ஆளுநரைச் சிறைபிடித்தது மட்டுமே. எவர் எவருக்கு எவ்வளவு கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்பது அவ்வழக்கின் பொருளாகவே இருக்கவில்லை. நவாபின் கடன்களை விசாரணையின்றி ஒப்புக்கொள்வதை எதிர்த்து எட்மண்ட் பர்க் 1785இல் நீண்ட உரை ஆற்றியும் பயனில்லை. அக்கடன்களை அடைக்க வேண்டிய பணம் கர்நாடகச் சீமையின் உழவரிடமிருந்தே வந்தது.

கடல் கடந்து கொடுக்கப்படும் பணத்தைக் கொடுப்பவனின் நாடு விசாரிக்க வேண்டுமா என்ற கேள்வி, இருநூறாண்டு கழித்து அமெரிக்காவில் சட்டமாக உருக்கொண்டது. வாட்டர்கேட் விசாரணைகளின் தொடர்ச்சியாக, 400க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஐயத்திற்குரிய கொடுப்பனவுகளை ஒப்புக்கொண்டன. விமான நிறுவனமான லாக்ஹீட் ஜப்பானில் பணம் கொடுத்தது 1976இல் அம்பலமானது. அயல்நாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தில் 1977 டிசம்பரில் கார்ட்டர் கையெழுத்திட்டார். நாம் மறந்துவிடக்கூடாத மறுபாதி ஒன்று இக்கதைக்கு உண்டு. பணம் பெற்றவராகக் குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் பிரதமர் தனாகாவை ஜப்பான் தானே கைது செய்தது. 1983இல் டோக்கியோ நீதிமன்றம் அவருக்கு நான்காண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

அச்சட்டம் சென்னையைத் தொட்ட வழக்கு காக்னிசன்ட் வழக்கு. 2019 பிப்ரவரியில், அந்நிறுவனத்தின் முன்னாள் தலைவர் கோர்டன் கோபர்ன், முன்னாள் தலைமைச் சட்ட அதிகாரி ஸ்டீவன் ஷ்வார்ட்ஸ் ஆகியோர்மீது நியூஜெர்சியில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. சென்னையில் 27 லட்சம் சதுர அடியில் எழுந்த வளாகத்திற்குத் திட்ட அனுமதி பெறத் தமிழகத்தின் உயரதிகாரி ஒருவருக்கு 20 லட்சம் டாலர் கொடுக்க, 2014இல் இருவரும் ஒப்புதல் அளித்தனர் என்பது அரசுத் தரப்பு. கட்டுமான ஒப்பந்ததாரர் பணத்தைக் கொடுத்துவிட்டு, கூடுதல் வேலைக்கான பட்டியல் என்ற போர்வையில் அதைத் திரும்பப் பெறுவது ஏற்பாடு என்றும் கூறப்பட்டது. இருவரும் குற்றத்தை மறுத்தனர். நிறுவனமோ 2016இலேயே தானாக முன்வந்து தகவல் தந்திருந்தது. அது 2.5 கோடி டாலர் செலுத்தியது; அதன்மீது குற்றவழக்கு தொடரப்படவில்லை.

வழக்கு பலமுறை தள்ளிப்போய் 2025 வசந்தத்தில் விசாரணைக்கு வரவிருந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 10 அன்று, அச்சட்டத்தின் அமலாக்கத்தை நிறுத்திவைக்கும் ஆணையை டிரம்ப் பிறப்பித்தார். ஏப்ரலில் அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட, மீண்டும் தொடர முடியாத வகையில் அது தள்ளுபடியானது. ஜூன் மாதத்தில் புதிய நெறிமுறைகளோடு அமலாக்கம் திரும்பியது; இவ்வழக்கு திரும்பவில்லை. குற்றப்பத்திரிகை பணம் பெற்றவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 1977ஆம் ஆண்டுச் சட்டம் கொடுப்பவனை மட்டுமே பிடிக்கும். கேட்பவனையும் தண்டிக்கும் சட்டம் 2023 டிசம்பரில் வந்தது. 2014க்கு அது பொருந்தாது. சாட்சிக் கூண்டில் ஒருவரும் ஏறாமல், குற்றமா குற்றமின்மையா என்ற தீர்ப்பும் இல்லாமல், சென்னையைப் பற்றிய ஒரு வழக்கு சென்னைக்கு வெளியிலேயே முடிந்துபோயிற்று.

மறுதிசையில் நம் நிலை என்ன? எண்ணூர் காமராசர் துறைமுகத்திலிருந்து கார்கள் கப்பலேறுகின்றன. ராயபுரத்தையும் திருவொற்றியூரையும் கடந்து, சரக்குப் பெட்டகங்களைச் சுமந்த லாரிகள் சென்னைத் துறைமுகத்துக்கு ஊர்ந்துகொண்டிருக்கின்றன. இந்திய நிர்வாகி ஒருவர் அயல்நாட்டுத் துறைமுகத்தில் ஒரு சுங்க அதிகாரிக்குப் பணம் கொடுத்தால், அச்செயலைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையை இந்தியா 2011இல் ஏற்றது. அதற்காகக் கொண்டுவந்த மசோதா 2014இல் மக்களவையோடு காலாவதியானது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் லஞ்சம் கொடுக்கும் நிறுவனங்களையும் குற்றவாளிகளாக்கியது. ஆனால் அது குறிக்கும் பொது ஊழியர் இந்தியப் பொது ஊழியரே.

லண்டனும் நியூஜெர்சியும் தத்தம் கணக்கைத்தான் பார்த்தன. ஒன்றுக்குக் கம்பெனியின் ஒழுங்கு, மற்றதற்குப் பங்குதாரரின் பணமும் நாட்டின் வணிக நலனும். அனுமதிக்காக வரிசையில் நின்றவர்களின் இழப்பு அங்கே எவரும் தொடுத்த வழக்கன்று. அதை இங்கேதான் தொடுக்க வேண்டும். லாக்ஹீட் விவகாரம் ஜப்பானில் பாடமாக நிலைத்ததென்றால், அது வாஷிங்டன் இயற்றிய சட்டத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. டோக்கியோவில் ஒரு நீதிமன்றம் திறந்திருந்ததாலும்தான்.